ஒன்பதாம் எண் வீட்டில் என்ன ஓடுகிறது

மார்ச் 5

"இந்த நிகழ்ச்சியை உங்கள் நாட்டில் பார்க்க இயலாது."

இதை நானே படித்தேன். விரலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக. யார் உதவியும் இல்லாமல் நான் படித்த முதல் முழு வாக்கியம் இதுதான். அது என்னை வெளியே போகச் சொல்லும் வாக்கியம். சந்தோஷப்படுவதா, டேப்லெட்டைத் தூக்கிக் கால்வாயில் எறிவதா?

என் ஜன்னலிலிருந்து நெதர்லாந்து தெரிகிறது. அந்தக் கரையில் மேயும் மாட்டின் காதில் தொங்கும் மஞ்சள் வில்லைகூடத் தெரிகிறது. ஐம்பது வருஷம் சரக்குப் படகில் இந்த எல்லையைத் தாண்டிப் போய் வந்தவன் நான். மணல், கோதுமை, உரம். யாரும் தடுத்ததில்லை. இப்போது ஒரு நாரை பொம்மை எல்லை தாண்டக் கூடாதாம்.

நெதர்லாந்து டிவியின் குழந்தைகள் நிகழ்ச்சி அது. படகில் குடியிருக்கும் நாரை ஒன்று தினமும் ஓர் எழுத்து சொல்லிக்கொடுக்கிறது. என் தங்கை சிமோன் கண்டுபிடித்துச் சொன்னாள். அவள் அந்தப் பக்கம் டெர்நோய்சனில் இருக்கிறாள், அவளுக்குத் தெரிகிறது. நான் இந்தப் பக்கம் செல்சாட்டேயில் இருக்கிறேன், எனக்குத் தெரிவதில்லை. இரண்டு பக்கமும் ஒரே மொழி. பெல்ஜியத்தில் இருப்பவனுக்கு எழுத்து வேண்டாம் என்று எவன் முடிவு செய்தான்?

டேப்லெட்டிடம் வாயால் சொல்லி, அது காட்டியதைப் பார்த்து இவ்வளவு எழுத எனக்கு மத்தியானம் முழுவதும் ஆனது. கை வலிக்கிறது. நல்ல வலி.

மார்ச் 6

நூலகத்தில் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் வகுப்பு வியாழக்கிழமை மட்டும்தான். அது எனக்குப் போதாது. மே மாதம் பெந்தெகொஸ்தே திருநாள் முடிந்த மறுநாள் வந்துவிடும்.

அன்றைக்குத்தான் படகுகளை ஆசீர்வதிப்பார்கள். படகுகள் எல்லாம் நான் இருக்கும் இந்த முதியோர் இல்லத்துக்கு எதிரே கால்வாயில் வந்து கூடும். அந்த வருஷத்தில் இறந்துபோன கால்வாய்க்காரர்களின் பெயர்களை ஒருவர் படகுகளின் ரேடியோவில் படிப்பார், வழியில் போய்க்கொண்டிருக்கும் படகுகளுக்கும் கேட்கட்டும் என்று. இந்த வருஷம் அந்தத் தாளில் என் மனைவி ஜெர்மேன் இருக்கிறாள்.

பிப்ரவரியில் பாதிரியார் லுக், "நீங்களே படிச்சிடுங்க கமீல்" என்றார். சரி என்றேன். சரி என்று சொன்னபோது எனக்குத் தெரிந்த எழுத்துகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

இல்லத்தில் யாருக்கும் இது தெரியாது. எல்லாரும் பழைய படகுக்காரர்கள்தான், ஆனாலும் தெரியாது. சரக்குச் சீட்டு, வரித்தாள், பாலத்தில் ஒட்டியிருக்கும் அறிவிப்பு எல்லாவற்றையும் ஜெர்மேன் படித்தாள். நான் சுக்கானைப் பிடித்தேன். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குக் கணவன் மனைவி வேலையைப் பிரித்துக்கொண்டது போலத்தான் இருந்திருக்கும்.

சிமோன் போனில் சொல்கிறாள்: "பேரையெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு, தாளைப் பாக்குற மாதிரி நின்னுடு அண்ணே. யாருக்குத் தெரியப்போகுது?"

வாழ்நாள் முழுவதும் அதைத்தான் செய்தேன். அவள் பெயருக்கு அதைச் செய்ய மாட்டேன்.

மார்ச் 8

சைக்கிளில் சாஸ் ஊருக்குப் போனேன். எல்லைக்கு அந்தப் பக்கம் முதல் காபிக்கடை. அவர்களுடைய வைஃபையில் நாரை உடனே வந்தது. சிறகை விரித்து, வாங்க வாங்க என்றது! எனக்குச் சத்தத்தைக் குறைக்கத் தெரியவில்லை. பியர் குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன், "பெரியவரே, தாலாட்டும் பாடுமா அது?" என்றான்.

திரும்பி வரும்போது மழை. இனி போக மாட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

பேனாவை அழுத்தி எழுதித் தாள் இரண்டு இடத்தில் கிழிந்துவிட்டது.

காலைக் காபிக்கு எல்லாரும் கீழே கூடத்தில் இருந்தோம். காஸ்டோன் வந்தான். அவன் படகுக்காரன் இல்லை. மதகுக்காரன். முப்பது வருஷம் படகுகளுக்கு மதகுக் கதவைத் திறந்து மூடினவன். எங்களை எல்லாம் தண்ணீரில் காக்க வைத்துவிட்டு ஜன்னலில் நின்று ரொட்டி தின்றவன். செத்துப்போன அவன் மனைவி படகுக்காரர் மகள் என்பதால் இல்லத்தில் இடம் கொடுத்தார்கள். இப்போது இல்லத்தின் வைஃபை பெட்டி அவன் பொறுப்பில் இருக்கிறது.

பிஸ்கட்டைக் காபியில் நனைத்துக்கொண்டே சொன்னான்: "ஒன்பதாம் நம்பர் இந்த வாரம் நெதர்லாந்து டிவி கதவைத் தட்டியிருக்கு. கதவு திறக்கல. என்ன கமீல், நம்ம ஊர் டிவி பிடிக்கலையா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பெட்டில எல்லாம் விழும்யா. எந்த நம்பர், எந்தப் பக்கம் போச்சு, எத்தனை மணிக்கு. ஏழாம் நம்பர் தினம் குதிரைப் பந்தயம். பன்னிரண்டாம் நம்பர் மருமகள் போட்டோவையே பாத்துட்டு இருக்காரு."

எல்லாரும் சிரித்தார்கள். பன்னிரண்டாம் நம்பர்கூடச் சிரித்தார். என்ன மனிதர்கள்! ரேடியோவில் அடுத்தவன் பேச்சைக் கேட்டே வளர்ந்த கூட்டம். இது தப்பு என்றே படவில்லை இவர்களுக்கு.

ஏன்டா, நான் என்ன பார்த்தால் உனக்கென்ன? உன் மதகு வழியாகவா போகிறேன்?

போகிறேன். அவன் பெட்டி வழியாகத்தான். அதுதான் எரிகிறது.

மார்ச் 12

சிமோன் சொன்னது. விபிஎன் என்று ஒன்று இருக்கிறதாம். அதைப் போட்டுக்கொண்டால் நான் அனுப்புவது எல்லாம் மூடிய குழாய் வழியாக வேறு ஊருக்குப் போய் அங்கிருந்து வெளியே வருமாம். நாரைக்கு நான் ராட்டர்டாமில் இருப்பதாகத் தோன்றும். காஸ்டோனுக்குக் குழாய் மட்டும் தெரியும், உள்ளே என்ன போகிறது என்று தெரியாது.

"உன் படகுக்குப் பின்னாடி சொந்த ஊர் பேர் எழுதியிருக்கும்ல அண்ணே? அதை மாத்தி எழுதுற மாதிரி."

"அப்படி எழுதினா அபராதம்டி!"

"இதுக்குக் கிடையாது. சும்மா கத்தாதே. ஆனா இலவசமா வர்றதை எடுக்காதே."

மார்ச் 15

இலவசமாக வந்ததை எடுத்தேன்.

திறந்தவுடன் ஒரு பெண் எடை குறைக்கச் சொன்னாள். அவளை மூடினால் சூதாட்டம் வந்தது. அதையும் மூடிய பிறகு கேட்கிறது: உங்கள் தொலைபேசியில் உள்ள பெயர்களைப் பார்க்கலாமா? நீங்கள் இருக்கும் இடத்தைப் பார்க்கலாமா? ஜன்னல் திரை வாங்கப் போனவனிடம் திரைக்காரன், உங்கள் படுக்கை அறையில் நான் உட்காரலாமா என்று கேட்பானா?

அடியில் சின்ன எழுத்தில் நிறைய எழுதியிருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்தேன். எல்லாம் புரியவில்லை. ஆனால் "பகிர்ந்துகொள்வோம்" என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. அந்தச் சொல்லை எனக்கு நாரைதான் சொல்லித்தந்தது, அன்று காபிக்கடையில், ஒரு மீனை இரண்டாகக் கிழித்துக் காட்டி. இந்த ஆட்கள் கிழிக்கும் மீன் நான்.

அழித்துவிட்டேன். ஒரு காஸ்டோனுக்குப் பயந்து ஊரில் உள்ள காஸ்டோன்களை எல்லாம் வீட்டுக்குள் விட்டிருக்கிறேன்.

மார்ச் 19

காசு கட்டும் விபிஎன் ஒன்று. ஒரு மாதம் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் பணத்தைத் திருப்பித் தருவார்களாம். படகு வாங்கும்போதும் நான் இப்படித்தான், கீழே இறங்கி ஒவ்வொரு தகடாகத் தட்டிப் பார்க்காமல் கையெழுத்து வைத்ததில்லை. (கையெழுத்து அப்போது ஒரு நங்கூரம் வரைவேன். இப்போது என் பெயர் எழுதுவேன்!)

முதல் தட்டு. ஆம்ஸ்டர்டாம். குழாய் உடனே திறந்தது. நாரை: "நீங்கள் விபிஎன் பயன்படுத்துவது போலத் தெரிகிறது."

தெரிகிறதாம்! எனக்கும்தான் தெரிகிறது!

மார்ச் 20

ராட்டர்டாம். நாரை வந்தது, ஆனால் சிறகைத் தூக்கின இடத்திலேயே நின்றுவிட்டது. வாய் திறந்தபடி. அந்த எழுத்து என்னவென்று இன்றைக்கும் தெரியாது.

மார்ச் 22

ராட்டர்டாமிலேயே குழாய் வெளியே வரும் வேறொரு வாசல். ஓடுகிறது!! நிற்காமல், கிழியாமல். படமும் தெளிவு. மூன்று வாசலில் இரண்டு ஆகாது, ஒன்று உண்டு. அதைக் குறித்துவைத்துக்கொண்டேன்.

மார்ச் 28

தினமும் காலையில் ஓர் எழுத்து. ஜெர்மேனின் முதல் எழுத்து, G, வந்துவிட்டது. அது ஒரு கொக்கி. படகைக் கட்டும் கொக்கி மாதிரியே இருக்கிறது, வாய் உள்பக்கம் மடிந்து. சமையலறை ஜன்னலில் ஆவி படிந்திருந்தது. அதில் எழுதிப் பார்த்தேன். அப்புறம் அழிக்க மனம் வரவில்லை. அதுவாகவே வழிந்து போகட்டும் என்று விட்டேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

திருடர்கள். எல்லாரும் திருடர்கள்.

காபி நேரம். காஸ்டோன்: "ஒன்பதாம் நம்பருக்குப் பேரப்பிள்ளை வந்திருக்கு போல! தினம் காலைல குழந்தைங்க சேனல்!"

எட்டாம் நம்பர் பவுலா கப்பை வைத்துவிட்டுச் சிரித்தாள். "பேரப்பிள்ளையா? கமீலுக்கா? பிள்ளையே இல்லாத ஆளுக்கு நேரா பேரனா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "தவறிப்போய்க் கை பட்டிருக்கும்" என்றேன். தினமும் காலையில் தவறிப்போய்க் கை படுமா? எழுந்து வந்துவிட்டேன்.

மறைப்போம் என்று சொல்லிக் காசு வாங்கினானே அந்த விபிஎன்காரன்! எதை மறைத்தான்? நான் இங்கே பேரன் இல்லாத தாத்தாவாக நிற்கிறேன்!

ஏப்ரல் 8

வாழ்க்கையில் முதல் கடிதம். நானே எழுதி, நானே அந்தக் கம்பெனிக்கு அனுப்பினேன். மின்னஞ்சல்தான், ஆனாலும் கடிதம். காலையிலிருந்து விளக்கு போடும் வரை ஆனது.

"ஐயா. நீங்கள் விற்ற திரை கிழிந்திருக்கிறது. மதகுக்காரன் எல்லாவற்றையும் பார்க்கிறான். இன்னொன்று. மதகுக்காரன் பார்க்காவிட்டால் அது எல்லாம் உங்களுக்குத் தெரியும் அல்லவா. நீங்கள் பார்க்கிறீர்களா. உண்மையைச் சொல்லுங்கள். கமீல்."

கேள்விக்குறி போட மறந்துவிட்டேன். கோபம் வந்தால் வளைந்த கோடு வராது.

ஏப்ரல் 11

பதில் வந்தது. முதலில் ஒரு இயந்திரம் நன்றி சொன்னது. அப்புறம் இனேஸ் என்று ஒரு பெண். நீங்கள் எங்கே போனீர்கள் என்ற பதிவை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை, வெளியாள் வந்து தணிக்கை செய்த அறிக்கை இருக்கிறது என்கிறாள். திரை உங்கள் பக்கம் முழு நேரமும் போடப்பட்டிருக்கிறதா, பாருங்கள் என்கிறாள்.

பதிவு வைப்பதில்லையாம். நான் பார்ப்பதே இல்லை என்று எந்த மதகுக்காரனும்தான் சொல்வான். ஆனால் யோசித்தால், யாராவது ஒரு ஆளை நம்பித்தான் ஆக வேண்டும். அந்த ஆள் தினமும் எனக்கு எதிரே உட்கார்ந்து காபி குடிக்காதவராக இருந்தால் சரி.

என் பக்கமாம். என் பக்கத்தில் என்ன தப்பு!

ஏப்ரல் 14, ஞாயிறு

சிமோன் வந்தாள். இலவங்கப்பட்டை போட்ட சுருள் ரொட்டி கொண்டுவந்தாள், கை எல்லாம் ஒட்டுகிற அந்த ரொட்டி. "எப்படிப் பாக்குறேன்னு காட்டு" என்றாள். காட்டினேன். விபிஎன்னைப் போட்டேன். ராட்டர்டாம் பச்சை ஆனது. நாரை வந்தது. விபிஎன்னை அணைத்தேன். நாரை பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தது.

"நில்லு நில்லு. இப்ப என்ன பண்ணின?"

"அணைச்சேன்."

"ஏன்?"

"என்னடி ஏன்? கூப்பிட்டாச்சு, வழி கொடுத்தாச்சு. சேனலைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தா அடுத்தவன் எப்படிக் கூப்பிடுவான்?"

அவள் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள் — மேஜையைத் தட்டி, கண்ணில் தண்ணீர் வர.

ரேடியோவில் அப்படித்தான். பாலத்தைக் கூப்பிடு, வேலையைச் சொல், விடு. சேனல் எல்லாருக்கும் பொது. தேவைக்கு மேல் பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பவனை எந்தப் படகுக்காரனும் மதிக்க மாட்டான். அப்பா முதலில் சொல்லிக்கொடுத்தது அது. ராட்டர்டாம் வாசலில் எனக்குப் பின்னால் ஆட்கள் காத்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

ஆக, நாரை கதவைத் திறக்கும்வரை மறைவு. மீதி நேரம் எல்லாம் அப்பட்டமாக, காஸ்டோன் கண் முன்னால். மரியாதை பார்த்து, தினமும் நானே திரையைத் திறந்து விட்டிருக்கிறேன்.

அவள் சிரிப்பை நிறுத்தவே இல்லை. எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. கத்திவிட்டேன். "சிரி! உன்னை விடுதியில போட்டுப் படிக்க வச்சாங்க. நான் டெக்குல கயிறு பிடிச்சேன். சிரி நல்லா!"

நிறுத்தினாள். ரொம்ப நேரம் ரொட்டித் துணுக்குகளை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். அப்புறம்: "விடுதிலேருந்து உனக்கு எத்தனை கடிதம் எழுதியிருப்பேன். நீ ஒண்ணுக்குக்கூடப் பதில் போடல. அண்ணனுக்கு என்னைப் பிடிக்கலன்னு நெனச்சேன். எனக்கு ஏழு வயசு அண்ணே, வேற என்ன நெனப்பேன்?"

போவதற்கு முன் டேப்லெட்டை எடுத்து, திரை எப்போதும் போட்டே இருக்கும்படி வைத்தாள். குழாய் அறுந்தால் எல்லாம் நின்றுவிடும்படி இன்னொன்றையும் போட்டாள். "இதுல சேனலே கிடையாது. எத்தனை பேர் வேணா இருக்கலாம். தொடாதே."

ஏப்ரல் 15

இனேசுக்கு எழுதினேன். "திரை கிழியவில்லை. மன்னிக்கவும். கமீல்." போன முறையைவிடச் சீக்கிரம் முடிந்தது.

ஏப்ரல் 21, ஞாயிறு

காஸ்டோனுக்கு இப்போது ஒன்றும் தெரியவில்லை. அதனால் அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"ஒன்பதாம் நம்பர் எதையோ மறைக்குது. ராத்திரி பகலா ஒரே ஒரு கோடு, வேற ஒண்ணும் விழல. பெண்டாட்டி போன கிழவன் எதை மறைப்பான்னு நான் சொல்லணுமா?"

இந்த முறை யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம். பன்னிரண்டாம் நம்பர் எனக்குக் கண்ணடித்தார்.

நாரை பார்த்தேன் என்று சொன்னால் படிக்கத் தெரியாதவன். சொல்லாவிட்டால் அசிங்கப் படம் பார்ப்பவன். நல்ல திரை வாங்கினேன் நான்!

ஏப்ரல் 26

பாதிரியார் லுக் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"நீங்க என்ன பாக்குறீங்கன்னு நான் கேக்கல கமீல்."

"நல்லது."

"ஆனா நீங்களா சொன்னா எனக்குக் கொஞ்சம் சுலபமா இருக்கும். இறந்தவங்க பேரு, குடும்பங்க எல்லாம் வந்து நிப்பாங்க... நாலு பேர் நாலு விதமா பேசுறாங்க. இந்த வருஷம் காஸ்டோன் படிக்கட்டும்னு இல்லத்துல சிலர் சொல்றாங்க. அவருக்குக் குரலும் நல்லா இருக்கு."

காஸ்டோன். ஜெர்மேன் பெயரை. ஒரு ஜனவரியில், அவளுக்கு எலும்பு வரை காய்ச்சல் அடித்தபோது, கம்பெனிப் படகுகள் போகட்டும் என்று எங்களை மதகுக்கு வெளியே பனியில் காக்க வைத்தவன். அவன் வாயால் அவள் பெயர்.

ஒரு சொல் போதும். 'நாரை' என்று சொன்னால் அவர் சிரித்துக்கொண்டே தோளைத் தட்டுவார். அடுத்த நிமிஷம், "அப்போ தாளை எப்படிப் படிப்பீங்க?" என்று கேட்பார். இரண்டு பக்கமும் அவளைத் தொலைப்பேன்.

"நான் சொல்ல மாட்டேன் பாதர். என் வீட்டுல என்ன ஓடுதுங்கிறது என் வேலை."

ஞாயிறு காபியில் எல்லாரையும் கேட்டு முடிவு செய்கிறேன் என்று எழுந்து போனார். அவர் போன பிறகு கதவை அறைந்து சாத்தினேன். திறந்து மறுபடியும் சாத்தினேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

அவசரமாக எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருக்கட்டும்.

பாதிரியார் பேச ஆரம்பித்தார். காஸ்டோன் குறுக்கே வந்தான். "மறைக்க ஒண்ணும் இல்லாதவன் எதுக்குத் திரை போடுறான்? இங்க வேற யாராவது போட்டிருக்காங்களா? எல்லாரும் ஒரே குடும்பம்!"

பவுலா வேடிக்கைக்குத்தான் கேட்டாள், அது எனக்குத் தெரியும். "ஆமா பெரிய குடும்பம். அப்ப சொல்லேன், எட்டாம் நம்பர்ல என்ன ஓடுது? எங்க வீட்டுக்காரர் போனப்புறம் நான் என்ன ஆட்டம் போடுறேன்?"

அவனும் வேடிக்கை என்றுதான் நினைத்தான். பெட்டியில் விழுந்ததை எல்லாம் குறித்து மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தான், எங்கள் கண் முன்னால். "எட்டு... எட்டு... பின்னல் கடை. அப்புறம், கென்ட் ஆஸ்பத்திரி, புற்றுநோய்ப் பிரிவு. மார்புக் கட்டி பத்தி ஒரு பக்கம். அதே பக்கம் மறுபடி. மறு—"

அப்போதுதான் அவன் காதில் அவன் சொன்னது விழுந்தது.

பவுலா கப்பைத் தட்டில் வைத்தாள். மெதுவாக. சத்தமே வரவில்லை. அவள் மகனுக்குக்கூடச் சொல்லவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. எழுந்து போனாள். அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்தவள்தான். அவள் நாற்காலியைத் திரும்ப உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போனதை என்னால் தாங்க முடியவில்லை.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன், சில சொற்கள் நாரை சொல்லித்தராதவை. காஸ்டோன் தாளை நாலாக, எட்டாக மடித்துக்கொண்டே இருந்தான். "நான் வேணும்னு... யாரு போறாங்க வராங்கன்னு பாக்குறது... முப்பது வருஷமா..." என்றான். எல்லாரும் எழுந்துவிட்டார்கள். பன்னிரண்டாம் நம்பர்தான் முதலில் எழுந்தார்.

ஏப்ரல் 29

வைஃபை பெட்டியை இல்லக் குழு அவனிடமிருந்து வாங்கிவிட்டது. பாதிரியார் கதவுக்குக் கீழே தாளைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார். பெயர்கள் உள்ள தாள். மேலே: "நீங்களே படியுங்கள்." நான் எதைப் பார்க்கிறேன் என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 30

பவுலா கதவைத் தட்டினாள். உள்ளே வரவில்லை. "அந்தத் திரை. எனக்கும் போட்டுக் கொடு."

அவள் போனில் போட்டேன். ஒவ்வொரு கட்டத்தையும் படித்துத்தானே அழுத்த வேண்டும்? உதடு அசைகிறது எனக்கு, விரல் ஓடுகிறது. நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கமீல். நீ இப்பதான் படிக்கவே கத்துக்குறியா?"

"ஆமா."

"அப்ப அந்தக் குழந்தைங்க சேனல்..."

"நாரை."

சிரிப்பாள் என்று நினைத்தேன். ஊர்ப் பட்டியலில் ராட்டர்டாமைத் தொடப் போனேன். "எனக்கு ராட்டர்டாம் வேணாம். நான் டிவி எல்லாம் பாக்கல. எது பக்கமோ அதைப் போடு" என்றாள். பக்கத்தில் இருப்பது வேகமாக ஓடும், அதைப் போட்டேன். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ, நடுவுல அணைக்காதே. மரியாதை எல்லாம் பாக்காதே" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. சொன்னேன். அப்போது சிரித்தாள்.

மே 4

ஏழாம் நம்பர் வந்தார். பன்னிரண்டும் வந்தார். எல்லாருக்கும் ஒரே பேச்சு: காசு கட்டாததைத் தொடாதீர்கள். ஒரு மாதம் தட்டிப் பாருங்கள். தானாக ஓடும்படி வையுங்கள். அது திரைதான், கதவு இல்லை, கண்ட இடத்தில் பெயரும் விலாசமும் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து அழாதீர்கள்.

கம்பெனி எத்தனை நட்சத்திரம் என்று கேட்டது. மூன்று கொடுத்தேன். ஆம்ஸ்டர்டாம் வாசலுக்கு ஒன்று குறைத்தேன். அணைக்கக் கூடாது என்று முதலிலேயே பெரிய எழுத்தில் சொல்லாததற்கு ஒன்று. பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

மே 13

ஜெர்மேன் பெயர் வருகிறது, முழுதாக. மற்ற பெயர்களில் ஒன்று மட்டும் என்னைக் கொல்கிறது. போலந்திலிருந்து வந்து இந்தக் கால்வாயில் வாழ்ந்த ஒரு மனிதர். அத்தனை எழுத்து, மூச்சு விட இடமே இல்லை. யாரய்யா நீர்!

மே 20, பெந்தெகொஸ்தே திங்கள்

படித்தேன்.

காற்று. கொடிகள் எல்லாம் ஒரே பக்கமாக அடித்துக்கொண்டன. படகுகள் இரண்டு கரையிலும். துறைமுக அலுவலகத்தில் ரேடியோ முன் என்னை உட்கார வைத்தார்கள். பொத்தானை அழுத்தினேன். விரலைத் தாளில் வைத்தேன், எல்லாரும் பார்க்கும்படியாக. வேறு வழி இல்லை.

மெதுவாகத்தான் வந்தது. என் குரல் வெளியே ஒலிபெருக்கியிலும், ஒவ்வொரு படகின் சுக்கான் அறையிலும், எனக்குத் தெரியாத ஆட்கள் காதிலும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தது. ஐம்பது வருஷம் மறைத்ததை நானே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் என்னிடம் பிடுங்கவில்லை.

போலந்துக்காரரிடம் நின்றுவிட்டேன். பயத்தில் விரல் பொத்தானை விட்டுவிட்டது. உடனே ஏதோ ஒரு படகு சேனலுக்குள் வந்தது: "பாலம், பாலம், கேக்குதா? கீழே வந்துட்டு இருக்கேன், வழி—"

என் உடம்பு தானாகவே விலகியது. சேனலை விட்டுவிட வேண்டும், அவனுக்கு வேலை இருக்கிறது...

அப்போது இன்னொரு குரல் ரேடியோவில் வந்தது. அகலமான, அவசரமே இல்லாத, நான் இளமையில் அவன் மதகுக்கு வரும்போதெல்லாம் வெறுத்த குரல்.

"சேனல்ல ஆள் இருக்கு. காத்திருங்க."

"எவ்வளவு நேரம்?"

"அவர் முடிக்கிற வரைக்கும்."

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். காஸ்டோன் கரையில், கையில் வயர்லெஸ்ஸோடு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கால்வாயைப் பார்த்து நின்றான். மூன்று வாரமாக யாரோடும் பேசாதவன்.

பொத்தானை அழுத்தினேன். போலந்துக்காரரை ஆரம்பத்திலிருந்து எடுத்தேன். முடித்தேன். கடைசியில் கொக்கி எழுத்து. கொக்கி, பிறகு மற்றவை.

ஜெர்மேன்.

படித்த பிறகும் பொத்தானை விடவில்லை. கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும் எல்லாப் படகுக்கும் போயிருக்கும்.

மே 23

சிமோனுக்குக் கடிதம் எழுதினேன். தாளில், தபால்தலை ஒட்டி. அவள் ஏழு வயதில் எழுதியவற்றுக்கெல்லாம் சேர்த்துப் பதில். மதகுக்காரன் மேல் கோபம் போகவில்லை என்றும் எழுதினேன். போகவில்லை. ஒரு படகை நிறுத்திவிட்டால் போய்விடுமா?

ஜூன் 2, ஞாயிறு

காபிக்குக் காஸ்டோன் வந்திருந்தான், மேஜை ஓரத்தில். யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. யாரும் போகவும் சொல்லவில்லை. நாரை விஷயம் பெயர்கள் படித்த அன்றே இல்லம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

"நாரை இப்ப எந்த எழுத்துல இருக்கு கமீல்?" என்றான், கப்பைப் பார்த்துக்கொண்டே.

"சொல்ல முடியாது."

பவுலா சிரித்துவிட்டாள். அப்புறம் அவனும்.

திரும்பும்போது மாடிப்படியில் பவுலா என்னை நிறுத்தினாள். கென்டிலிருந்து பரிசோதனை முடிவு வந்துவிட்டது என்று சொல்லி, என்னவென்றும் சொன்னாள். அது அவளுடையது. இங்கே எழுதவில்லை.